போர்த்தோவுக்கு இரண்டரை மணி நேரம்

லக்சம்பர்க்கில் என்னோடு தரைக்கு டைல்ஸ் பதித்தவர் அதெலினோ. பதினெட்டு வருடம் ஓர் ஆகஸ்டுகூடத் தவறாமல் ஊருக்குப் போனவர். அப்போதெல்லாம் கார்தான். பிரான்ஸையும் ஸ்பெயினையும் கடந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், முழுசாக இரண்டு நாள். போர்ச்சுகலின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் அவருடைய அக்கா தியோலிந்தா தனியாக இருந்தார்.

பிறகு அந்த வடக்குப் பகுதியின் பெரிய நகரமான போர்த்தோவுக்கு மலிவு விமானம் வந்தது. ஆகாய வழியில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்தான். இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். போர்ச்சுகலிலிருந்து வந்த எங்களுக்கெல்லாம் ஊரே பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மதிய இடைவேளையில் அதெலினோ போனில் சத்தமாகச் சொல்வார்: "அக்கா, நீ அடுப்புல சூப்பை வெச்சுட்டுக் கூப்பிடு. கொதிக்கறதுக்குள்ள வந்து நிப்பேன்."

"போன வருஷம் வெச்சது இன்னும் கொதிச்சுக்கிட்டே இருக்குடா!" என்று ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வரும்.

நாங்கள் சிரிப்போம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே அவர் போவது அரிதாகிவிட்டது. ஆறு வருடத்தில் இரண்டே முறை.

அந்த நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளுக்கு வருவதாக வாக்குக் கொடுத்து டிக்கெட்டும் எடுத்திருந்தார். சேர்ந்து செஸ்ட்நட் சுட்டு, புது ஒயின் குடிக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. நாங்கள் ஒரு முதியோர் இல்லத்துக் குளியலறைகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரைத் தடுத்தது நான்தான்.

"அடுத்த வாரம் போயேன்யா. விமானம் என்ன ஓடியா போகுது?"

அவர் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, ஊரில் அக்காவின் பக்கத்து வீட்டு பெல்மிரோ கூப்பிட்டார். விறகுக் கொட்டகையில் தியோலிந்தா விழுந்து கிடந்தாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அதெலினோ விமான நிலையத்துக்கு ஓடினார். அன்று கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். ஒரு விமானமும் கிளம்பவில்லை. நான் என் காரை எடுத்தேன். மாற்றி மாற்றி ஓட்டினோம். மறுநாள் விடியும்போது ஸ்பெயினில் புர்கோஸைத் தாண்டியிருந்தோம். மறுபடி பெல்மிரோவின் போன். கேட்டுவிட்டு அதெலினோ சொன்னது ஒன்றுதான்:

"வண்டிய நிறுத்தாத."

அடக்கம் முடிந்து வந்ததும் பெல்மிரோ மனசில் இருந்ததைக் கொட்டினார். "நவம்பர்ல உன் அக்கா மூணு கிலோ செஸ்ட்நட்டைச் சுடறதுக்குக் கீறி வெச்சிருந்தா. நீ வரலேன்னதும், 'அவ்வளவு பக்கமா இருந்தா அவன் ஏன் வரமாட்டேங்கறான், பெல்மிரோ?'ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குத் தாங்கவில்லை. "போகாதேன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"நீ சொன்ன. கேட்டது நான்தானே" என்றார் அதெலினோ.

மறுநாள் அக்காவின் சமையலறையில் மண்டியிட்டு, விரிசல் விட்ட டைல்ஸ்களைப் பெயர்க்க ஆரம்பித்தார். மூன்று நாள் வேலை. நான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருப்தியில்லாததைத் தூக்கி மறுபடி பதித்தார். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, சன்னலைச் சாத்தி, வீட்டைப் பூட்டிச் சாவியை பெல்மிரோவிடம் கொடுத்தார்.