இரண்டு கீறல் போட்ட எலும்பு

வெந்நீரில் ஊறிய 'மீல் மேக்கரை'ப் பிழியும்போது வருகிற ஈரச்சாக்கு வாடைதான் இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையின் வாடை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாரம் முழுக்க மீனும் இறாலும் தின்கிற எங்களுக்கு ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. அதிலும் எங்கள் நைனாவுக்கு நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சினால்தான் சாப்பிட்ட மாதிரியே இருக்கும்.

நான் ஆறாவது படித்தபோது அவருக்குப் படகிலேயே நெஞ்சை அடைத்தது. பொன்னேரி டாக்டர் ஆட்டுக்கறியை அறவே விட்டுவிட்டு, பயறு, சோயா என்று சாப்பிடச் சொன்னார். "கறி துன்னாம உசுரோட இருந்து இன்னாத்துக்கு?" என்று நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

அடுத்த ஞாயிறு மீல் மேக்கரைப் பிழிந்து கறிமசாலாவில் வதக்கி, கறிக்கடையில் கேட்டு வாங்கிய ஒரே ஒரு நல்லி எலும்பையும் குழம்பில் போட்டாள். "எலும்பு கெடந்தா கறின்னு நம்பிடுவாரு" என்று என் வாயையும் அடைத்தாள். நைனா ஒரு வாய் மென்றுவிட்டு, "இன்னா இவ்ளோ மெத்துனு கீது?" என்றார். "இளங்குட்டி" என்றாள் அம்மா. பிறகு அந்த எலும்பைக் கழுவிக் காயவைத்து உப்பு ஜாடிக்குள் ஒளித்துவிட்டாள். அதன்பின் ஞாயிறுதோறும் அதே எலும்புதான் குழம்பில் இறங்கி ஏறியது.

எங்கள் ஊரில் யாருடைய வலை என்று தெரிவதற்காக அவரவர் வலை மிதப்புகளில் கத்தியால் அடையாளம் வெட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டு அடையாளம் இரண்டு கீறல். நாலைந்து வாரம் கழித்து, நைனா சாப்பிட்ட தட்டை எடுத்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எலும்பில் இரண்டு கீறல் இருந்தது.

அவள் அதைக் கழுவி மறுபடி உப்பு ஜாடிக்குள் போட்டாள். மறு வாரமும் எலும்பு குழம்பில் விழுந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத அதைத் தட்டித் தட்டி உறிஞ்சிவிட்டு, "நல்ல இளங்குட்டி" என்று மெச்சினார் நைனா. அன்று அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது. ஆட்டுக்கறி எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரவே இல்லை.

நைனாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன வருஷம் போய்ச் சேர்ந்தது அம்மாதான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அடுப்படியை ஒழித்தபோது உப்பு ஜாடியும் குப்பையோடு போய்விட்டது. அதன்பின் வந்த முதல் ஞாயிறு, இனி யாருக்காக ஒளிக்க வேண்டும் என்று மீல் மேக்கரை மட்டும் போட்டுக் குழம்பு வைத்தேன். நைனா வெகுநேரம் தட்டைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா தேடுற?"

"நம்ம எலும்பு எங்கேம்மா?" என்றார்.