செப்டம்பரில் வந்த தீபாவளி

வீட்டில் யாராவது ரியாலிட்டி ஷோ பார்த்துக்கொண்டே "இதெல்லாம் நிஜமா, செட்டப்பா?" என்று கேட்டால் எனக்கு உடனே ஒன்பது வயதாகிவிடும். அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போதே விடை தெரியும். எங்கள் வீட்டு ஹாலிலேயே ஒரு தீபாவளியைச் செய்து, படம்பிடித்துக்கொண்டு போனார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவோடு வேலை செய்தவரின் மைத்துனர் தொலைக்காட்சியில் புரொடியூசர். "ஒரு சாதாரணக் குடும்பம் தீபாவளி கொண்டாடுவதை உள்ளது உள்ளபடி எடுக்கப் போகிறோம்" என்று ஒரு நாள் வந்து கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். மாமா அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி, அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. அவருக்கு மஞ்சள் காமாலை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் வேறு என்னவோ பேசிக்கொண்டார்கள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்ப எடுப்பீங்க தம்பி?"

"அடுத்த சனிக்கிழமை, அக்கா. தீபாவளிக்கு ரெண்டு மாசம் முந்தியே எடுத்தாத்தான் எங்களுக்குச் சரியா வரும்."

"அப்ப வாங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

ஒரு தட்டு முறுக்கு இருந்தால் போதும் என்று புரொடியூசர் சொல்லியிருந்தார். அம்மா மூன்று நாள் உட்கார்ந்து நான்கு டின் நிறையச் சுட்டார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் எல்லோருக்கும் புதுத்துணி எடுத்தார். மாமாவுக்கு எடுத்த சட்டை அவர் வழக்கமாகப் போடும் அளவைவிட இரண்டு அளவு சிறியது. டிவிக்காரன் வருகிறான் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. பகல் இரண்டு மணிக்கு ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடி, விடியற்காலை நாலு மணியாக்கினார்கள். நான் பாயில் படுத்துத் தூங்கி எழ வேண்டும். ஐந்து முறை எழுந்தேன். வெடிச்சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம், காதைப் பொத்திக்கொண்டு சிரித்தால் போதுமாம். பொய் எப்படித் தயாராகிறது என்பதைக் கிட்டே நின்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. வயரைத் தாண்டித் தாண்டி எல்லாவற்றுக்குள்ளும் மூக்கை நுழைத்தேன்.

விருந்தாளியாக எங்கள் மளிகைக் கடைச் சீன அங்கிளை அழைத்து வந்திருந்தார்கள். முறுக்கை வாழ்க்கையில் முதல்முறை கடிப்பதுபோல் அவர் ஆச்சரியப்பட வேண்டும்.

"என்ன தம்பி, பத்து வருஷமா இவங்க முறுக்கு சாப்பிடுறேன். மாவே என் கடை மாவுதான் லா!" என்றார் அங்கிள் தமிழில்.

புரொடியூசர் அவரைத் தமிழ் பேச வேண்டாம் என்று கெஞ்சி, மலாயில் 'சேடாப்', அதாவது ருசி, என்று மட்டும் சொல்லச் சொன்னார். அங்கிள் ஏழு முறை ஆச்சரியப்பட்டார். எட்டாவது முறை தண்ணீர் கேட்டார்.

அடுத்தது எண்ணெய் வைப்பது. மாமாவை மணையில் உட்கார வைத்தார்கள். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு அம்மா வந்து நின்றார்.

"ஒரு சொட்டு தொட்டு வச்சாப் போதும்கா. கேமராவுல தெரியாது."

"தெரியாட்டி போகுது" என்று சொல்லிவிட்டு, அம்மா உள்ளங்கை நிறைய எண்ணெயை எடுத்து மாமாவின் தலையில் வைத்துத் தேய்த்தார். நெற்றி, காது, கழுத்து என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். கேமரா நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

இங்கேதான் எனக்குக் குழப்பம் வந்தது. மஞ்சள் காமாலைக்கு எண்ணெய் ஆகாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மாமாவுக்குக் கஞ்சியும் அவித்த காயும் கொடுத்தவர் இதே அம்மாதான். அன்று மாமா மூன்று முறுக்குத் தின்றதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அம்மா, மாமாவுக்கு எண்ணெய் ஆகாதுல்ல?"

"இன்னிக்கி தீபாவளி."

"இல்லியே, செப்டம்பர்!"

லைட் பிடித்திருந்த ஆள்வரை எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் எல்லோரும் சேர்ந்து நிற்க, அம்மா பலகாரத் தட்டோடு கேமராவைப் பார்த்து ஒரு வரி சொல்ல வேண்டும். "அடுத்த வருஷமும் நாங்க எல்லாரும் இதே மாதிரி ஒண்ணாச் சேர்ந்து தீபாவளி கொண்டாடுவோம்." இவ்வளவுதான். பாசாரில் மீன்காரரையே வாயடைக்க வைக்கும் அம்மாவுக்கு இது வரவில்லை. "அடுத்த வருஷமும்" என்று தொடங்குவார், நின்றுவிடுவார். ஆறு முறை இப்படியே ஆயிற்று.

"பயப்படாதீங்கக்கா, கேமராவை மறந்துடுங்க" என்றார் புரொடியூசர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மாவுக்கு ஒரு வரிகூடப் பேசத் தெரியல!" என்று கத்தினேன். அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார்.

"விடுக்கா. பாப்பா சொல்லட்டும், அவளுக்கு வரும்" என்றார்.

தட்டு என் கைக்கு வந்தது. ஒரே மூச்சில், எல்லாப் பல்லும் தெரிய, சொல்லி முடித்தேன். ஒரே டேக்! எல்லோரும் கைதட்டினார்கள். மாமா எல்லோரையும்விட நீண்ட நேரம் தட்டினார். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். எட்டிப் பார்த்தேன், அங்கே கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. தன்னால் முடியாததை நான் செய்துவிட்டதில் அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மாமா போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, புதுத்துணி இல்லை, டிவியும் போடவில்லை. உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் யாருக்கும் தெரியாமல் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம், அதாவது மலாய் அத்தையிடம், ஓடினேன். அவர் வீட்டு டிவியில் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மாமா தலை நிறைய எண்ணெயோடு முறுக்குத் தின்றார். என் வரி வந்தபோது மாக்சிக் சத்தமாக அழுதுவிட்டார். வரி சரியாகக் கேட்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

பள்ளி திறந்ததும், சாவு நடந்த வீட்டில் தீபாவளியா என்று டிவியில் பார்த்த தோழிகள் கேட்டார்கள். எல்லாமே செட்டப் என்று கறுப்புத் துணியிலிருந்து சீன அங்கிள் வரை விளக்கினேன். அதில் நன்றாக நடித்தது நான்தான் என்றும் சொன்னேன். இதைப் பல வருடம் பலரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவை மறுபடி சீண்டினேன். ஒரு வரி, அது ஏன் உங்களுக்கு வரவில்லை?

அம்மா முறுக்கு அச்சைக் கீழே வைத்தார். "தீபாவளி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடி. அவனைப் பக்கத்துல வச்சிக்கிட்டு எப்படிச் சொல்வேன்?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவன்தான் எனக்கே வந்து சொன்னான்."

அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை அம்மா நடித்தார், அப்பா நடித்தார், மாமா எல்லோரையும்விட நன்றாக நடித்தார். அடுத்த வருடமும் எல்லோரும் இருப்போம் என்று நம்பியே சொன்ன நான் மட்டும்தான் நடிக்கவில்லை.