இரைச்சலைக் கழித்தபின் மிஞ்சிய பள்ளம்

தரையைச் சம்மட்டியால் அடித்துவிட்டு, அது என்ன பதில் சொன்னது என்று கணினியில் தேடுவதே எங்கள் தொழில். பதில் பிடிக்காவிட்டால் திட்டு விழுவது தரைக்கல்ல என்பது, எதையாவது அளந்து பிழைக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓசூரில் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு சொல் செய்த வினை

சூளகிரிப் பக்கம் புதிதாக எழும்பவிருந்த ஒரு ஷெட்டுக்கு அடியில், பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உணர்கருவிகளை வரிசையாக மண்ணில் குத்திவிட்டு, எங்கள் களப்பணியாளர் முனிரத்தினம் அண்ணன் இரும்புத் தட்டின்மேல் சம்மட்டியால் அடிப்பார். முதல் நாள் பதிவுகளில் நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வும் கலந்திருந்தது. அலுவலகத்திலிருந்து போன் செய்து, சத்தம் இல்லாமல் எடுக்கச் சொன்னேன். மாலையில் வந்த பதிவுகளில் லாரிகள் இருந்தன, சம்மட்டி இல்லை. வேண்டாத அதிர்வுக்கு எங்கள் தொழிலில் உள்ள பெயரைச் சேர்த்து, நான் 'இரைச்சல்' என்று சொல்லியிருக்க வேண்டும். சம்மட்டி எழுப்புவதும் சத்தம்தானே!

"நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம், தட்டு மேல சாக்கைப் போட்டு மெதுவா அடிச்சேன்."

பத்து அடி

மறுநாள் நானே போனேன். ஒவ்வோர் இடத்திலும் பத்து அடி. பத்துப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், பாறை வழியாக வரும் அலை ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வருவதால் வளரும். லாரிகள் கண்ட நேரத்தில் வருவதால் தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஓயும். இத்தனை அடி எதற்கு என்று கேட்ட முனிரத்தினம் அண்ணனுக்கு இதை விளக்கினேன்.

"எங்க ஊட்டுலயும் அப்படித்தான் மேடம். ஒருதரம் சொன்னா எனக்குக் காதுல ஏறாது. பத்துதரம் சொன்னா வேற வழியில்ல."

நேர்கோடு

கூட்டியதில் லாரிகள் போயின. கிழக்கு மூலையில் பாறை சட்டென்று கீழே இறங்கும் பள்ளம் மட்டும் போகவில்லை. பாறை சமமாகத்தான் இருக்கும் என்று மேலாளர் வாடிக்கையாளருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளமும் இரைச்சல்தான், கோட்டை நேராக்கு என்றார். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதையும் நினைவூட்டினார். பத்து அடிக்கும் அசையாததை இரைச்சல் என்று எந்த அகராதியும் சொல்லாது என்று மறுத்துவிட்டேன்.

வாடிக்கையாளர் வந்தபோது, மேலாளர் அளவுகோல் வைத்துத் தானே நேர்கோடு போட்ட படத்தை நீட்டினார். நான் பள்ளத்துடன் இருந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். எதற்கும் போர் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் வாடிக்கையாளர். மற்ற மூலைகளில் சீக்கிரமே பாறையைத் தொட்ட இயந்திரம், கிழக்கு மூலையில் வெகுநேரம் மண்ணையே துப்பிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் மேலாளர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க போட்ட கோடு நேராத்தான் இருக்கு. என் தூண் எது மேல நிக்கும்?"

என் உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒருதரம் சொன்னால் காதில் ஏறாது என்பதால், இன்று பத்தாவது முறையாக மனுக் கொடுத்திருக்கிறேன்.