என்னை அறைந்த தாய் வேஷக்காரர்

மேடையில் என்னை முதன்முதலாக அறைந்தவர் ஓர் ஆண். கண்டாங்கிச் சேலை கட்டி, டோப்பா முடியில் கொண்டை போட்டு, என் தாயாக நடித்துக்கொண்டிருந்தார். மகளை அதட்டும் காட்சி அது. கையை ஓங்க வேண்டும், நான் ஒதுங்கி விழ வேண்டும், மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் கை என் கன்னத்தில் இறங்கியது. ஒரு காது அடைத்துக்கொண்டது.

நாடகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் என்னிடம் பக்தியை எதிர்பார்க்கிறார்கள். சலங்கை கட்டியபோது உடம்பு சிலிர்த்ததா என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரோ கட்டி வியர்வை ஊறிய சலங்கை. வாரின் நாற்றம் கால் கழுவினாலும் போகாது.

கல்யாணமான வருஷமே என் புருஷன் பம்பாய்ப் பக்கம் விசைத்தறி வேலைக்கென்று ரயிலேறினான். அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். நைனாவும் அம்மாவும் முன்பே செத்துப்போய்விட்டதால், திருத்தணியில் மலைக்குக் கீழே நெசவுத் தெருவில் இருந்த என் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில் இருக்கும். அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவேன். பாவாவுக்குத் தறிகளும் இருந்தன, ஒரு நாடகக் குழுவும் இருந்தது. அந்தக் குழுவில் அவர்தான் முருகன். முருகன் ஊரில் முருகன் வேஷம் கட்டுகிறவருக்கு இருக்கும் மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை. நாடகம் முடிந்து அரிதாரம் கலைப்பதற்குள் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் போடுவார்கள். முகத்தைக் கழுவிய பிறகும் பாவா அந்த முகத்தோடேயே வீட்டுக்குள் நடமாடினார். சோறு ஆறிப்போனால் தட்டு பறக்கும்.

எனக்கு வேலை ராட்டினத்தில் தறிக்கு நூல் தார் சுற்றுவது. ஒத்திகை நாட்களில் குழுவுக்குச் சமைப்பது. பழைய தறிக் கொட்டகையில் நெய்கிறவர்கள் கால் வைக்கும் குழிகள் மேல் பலகை போட்டு மூடி அங்கேதான் ஒத்திகை நடக்கும். நான் ராட்டினத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். தினைப்புனம் காக்கும் குறத்தியாக ஆடியவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். நாற்பதைத் தாண்டியவர், எந்நேரமும் வெற்றிலை, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் பாட்டு ஆரம்பித்து அவர் கவணைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் நடந்து வந்தால், நான் தாரை விட்டுவிட்டுப் பார்ப்பேன். கொசுவத்தை ஒரு விரலால் தள்ளிக்கொண்டு அவர் திரும்புகிற திருப்பம் எந்தப் பெண்ணுக்கும் வராது. எனக்கும் வராது என்று தெரியும். அதனாலேயே பொறாமையாக இருந்தது.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு மெட்ராஸ் குழு ஒன்று நிஜப் பெண்களோடு வந்து ஆடிவிட்டுப் போனது. அதன்பின் போகிற இடமெல்லாம் பாவாவைக் கேட்டார்கள், "இன்னும் ஆம்பளைக்கே சேலை கட்டிகினு கீறீங்களே" என்று. ஒரு மத்தியானம் அவர் என் ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ குறத்தி வேஷம் கட்டு. பாட்டெல்லாம் உனக்குத்தான் தெரியுமே."

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாங்க இது? ஊரு இன்னா பேசும்? நமக்கும் பொண்ணுங்க கீது."

"பேசட்டும். சும்மா தின்னுகினுதானே கீறா இவ."

அந்தச் சொல்தான் என்னைத் தலையாட்ட வைத்தது. கலையும் இல்லை, ஆசையும் இல்லை. இனி இந்த வீட்டில் சும்மா தின்பவள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்ற வெறி.

கொட்டகையில் பாவா எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். பள்ளிப்பட்டுக்காரர் இனி தாய் வேஷம் கட்ட வேண்டும், எனக்கு அடவெல்லாம் சொல்லித் தர வேண்டும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாய் வேஷம் கட்டறேன். வவுத்துப் பொழப்பு. இவளுக்கு ஒண்ணியும் சொல்லித் தர மாட்டேன். திருடத் தெரிஞ்சா திருடிக்கட்டும்."

"ஏற்கெனவே திருடிட்டேன்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் நாடகம் ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். நான் பாட வாயெடுத்ததும் பக்கத்தில் நின்ற தாய் என் பாட்டைப் பாடத் தொடங்கினார். பாடியபடியே என் நடையை நடந்தார், என் திருப்பத்தைத் திரும்பினார். சனம் கைதட்டியது. "யோவ், ஆம்பளையே நல்லா ஆடறான்யா, இந்தப் பொண்ணு கட்டை மாதிரி நிக்கிது" என்று எவனோ கத்தினான். அடுத்த காட்சியில்தான் அந்த அறை.

நான் விழவில்லை. எழுந்த ஆத்திரத்தில் அவர் டோப்பாவைப் பிடித்து இழுத்தேன். கொண்டை என் கையோடு வந்துவிட்டது. முன்வழுக்கைத் தலையோடு, கண்ணில் மையோடு, அவர் சனத்துக்கு முன்னால் நின்றார். பந்தல் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அவர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் துரத்தினார். நான் மேடையைச் சுற்றி ஓடினேன். ஓடியது தாளத்தில் விழுந்தது. மிருதங்கக்காரர் விடவில்லை, பிடித்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் பாவா திட்டுவார் என்று நின்றேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதை அப்படியே வெச்சிக்கோங்க ரெண்டு பேரும்," என்றார்.

அப்படித்தான் எங்கள் பகை விளம்பரமானது. தாய் மகள் சண்டை பார்க்கவே ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். நாங்கள் நடிக்கவில்லை என்பது சனத்துக்குத் தெரியாது. அவர் கிள்ளிய இடமெல்லாம் கன்றிப் போகும். நான் அவர் காலை மிதிப்பேன். அவர் எப்போது எந்த அடியை இடையில் நுழைப்பார் என்று தெரியாததால் என் கால்கள் எப்போதும் விழித்திருந்தன. என் ஆட்டம் தேறியது அதனால்தான். நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தேற்ற நினைக்கவில்லை, கவிழ்க்கத்தான் நினைத்தார். மேடைக்கு வெளியே நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ்ஸில் அவர் முன்பக்கம் உட்கார்ந்தால் நான் பின்பக்கம்.

வீட்டில் அதைவிட மோசம். எங்கள் சாதிப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, ஆட்டக்காரி இருக்கிற வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாவாவை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவர் முருகனாயிற்றே. அக்கா என் தட்டையும் லோட்டாவையும் பின்கட்டுக்கு மாற்றினாள். தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் முன்னால் இருப்பவள் தன் குடத்தை எடுத்துத் திரும்பவும் கழுவுவாள். கிருத்திகையன்று மலைப்படி ஏறும்போது, முந்தின வாரம் என் பாட்டுக்குக் கண்ணீர் விட்ட அதே பெண்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். நான் சந்நிதியில் நின்று அவர்கள் எல்லாருக்கும் கேடு வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் திருவிழா நாடகம். அந்த ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர்தான் எல்லாச் செலவையும் ஏற்றிருந்தார். மாமரத்தடியில் ஒப்பனை போட்டுக்கொண்டிருந்தேன், வெயில் இன்னும் இறங்கவில்லை. பள்ளிப்பட்டுக்காரர் பாதிச் சேலையோடு வந்து என் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். வருஷக்கணக்கில் அன்றுதான் முதல் பேச்சு.

"நாடகம் முடிஞ்சதும் உன்னை அந்தப் பெரிய மனுசன் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பறதா உங்க பாவா வாக்கு குடுத்துட்டாரு. சுத்துப்பட்டு ஊரு திருவிழா எல்லாம் நமக்கே புடிச்சுத் தருவானாம். தெரியுமா உனக்கு?"

பொய் சொல்கிறார், என்னைக் கலைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்து நேரே பாவாவிடம் போனேன். அவர் தலையில் கிரீடம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆங், சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசிட்டு வர்றதுக்கு இன்னா? உனக்குப் புதுசா கெட்டுப்போறதுக்கு இன்னா கீது?"

திரும்பி வந்தேன். என் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்தேன். தாய் வேஷக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓடிடலாம்னு பாக்கறியா? எங்க ஓடுவ? பஸ்ஸே கிடையாது. மேடைக்கு வா. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு, அது போதும்."

எங்கள் காட்சி வந்தது. வழக்கம்போல் சடையைப் பிடித்து என்னை இழுத்து வந்தார். ஆனால் அடிக்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதரைக் கைகாட்டினார். தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், ஆர்மோனியத்தையும் மிஞ்சிய குரலில் கேட்டார்.

"அடியே, தோ அந்தப் பெரியவரு இன்னிக்கி உன்னைத் தோட்டத்து வீட்டுக்குக் கேக்கறாரு. அனுப்பறேன்னு முருகனே வாக்கு குடுத்துட்டாரு! போறியாடி?"

பெரியவருக்குப் பக்கத்தில் அவர் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயம் எல்லாம் எங்கோ போயிற்று.

"வாக்கு குடுத்தவனே சேலை கட்டிகினு போகட்டும் ஆத்தா!" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு முதலில் கிளம்பியது. பிறகு எல்லாப் பக்கமும். பாவா வேலும் கிரீடமுமாக மேடைக்கு ஓடி வந்து என் சடையைப் பிடித்தார். தாய் வேஷக்காரர் அவரை மார்பில் கைவைத்துத் தள்ளினார். முருகன் ஆர்மோனியத்தின் மேல் மல்லாந்து விழுந்தார். அதற்குள் பெரியவரின் ஆட்கள் பக்கமிருந்து கல் வந்தது, நாற்காலி வந்தது, பந்தல் கால் சாய்ந்தது. எங்கள் இருவரையும் சில பெண்கள் இழுத்துப் போய் ஒரு வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்துவிட்டு, "நெஜமாவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கதவுக்குக் குறுக்கே உலக்கையைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் அவரிடம் கைகூப்பினேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"உனக்காக இல்லை. ஆட்டத்துல உன்னை நான் இன்னும் ஜெயிக்கலை. எவனோ ஒருத்தன் வந்து உன்னை ஒழிச்சிட்டுப் போறதுக்கா நான் தாய் வேஷம் கட்டிகினு இத்தினி வருசம் காத்துகினு இருந்தேன்?"

மறுநாள் காலை பஸ்ஸில் திருத்தணிக்கு வந்தேன். பாவா எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். அக்கா என் துணிகளை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "என் புருசனைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே," என்றாள். அவர் செய்ய இருந்ததைச் சொன்னேன். "அதுக்கென்ன, போயிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள். என் கூடப் பிறந்தவள். மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் நானே ஒரு குழு நடத்தினேன். எங்களைக் காப்பாற்றிய பெண்களின் கிராமத்திலிருந்துதான் முதல் அழைப்பு வந்தது. பள்ளிப்பட்டுக்காரர் கூப்பிடாமலே வந்தார், பெட்டியோடு. "தாய் வேஷம் எனக்கு," என்றார், "ஆனா மொத அடி எப்பவும் என்னுது." சரி என்றேன். அதன்பின் வருஷக்கணக்கில் அவர் அடித்தார், நான் திருப்பி அடித்தேன். மேடைக்கு வெளியே பேச்சு மறுபடி நின்றுபோனது. பாவாவின் குழுவுக்கு அழைப்பு குறைந்துகொண்டே வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தரம் ஆள் விட்டுச் சேர்ந்து நடத்தலாமா என்று கேட்டார். வந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன், பதில் கொடுக்கவில்லை.

முட்டி வலியால் பள்ளிப்பட்டுக்காரர் ஆட்டத்தை விட்டு அரக்கோணத்தில் மகனோடு தங்கினார். மகனுக்கு ரயில்வேயில் வேலை. நான் ஒருமுறை பார்க்கப் போனேன். வா என்று சொல்லவில்லை. "கவண் வீசற எடத்துல இன்னும் தோளைத் தூக்கறியாமே, சொன்னாங்க," என்றார். அது தோள் இல்லை, இடுப்பு என்றேன். உனக்கு இடுப்பு ஏது என்றார். குரல் ஏறியது. மருமகள் காபித் தம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் கட்டிலைப் பிடித்து எழுந்து, லுங்கியோடு, வலியில் பல்லைக் கடித்தபடி அந்தத் திருப்பத்தைத் திரும்பிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. சரி என்று நான் சொல்லவில்லை. காபி குடிக்காமல் இறங்கி வந்தேன்.

பிறகு நான் போகவில்லை. அவர் போய்விட்ட செய்தி எனக்கு வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் ஒரு புதுப் பெண்ணைத் தாய் வேஷத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். கையை ஓங்கிவிட்டு, அடிக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். அவளை அப்போதே வேலையை விட்டு அனுப்பினேன்.