மணியில் ஏறாத மயில்

நாட்டுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள். என் கல்யாணத்துக்குத்தான் நாள் குறிக்க முடியவில்லை. ஜாதகம் பொருந்தாமல் இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. தடையாக நின்றது ஒரு ஜோடி செருப்பு.

மலாக்காவில் காஜா பெராங் சாலையில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. பல தலைமுறைகளுக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட தமிழர்களின் வாரிசுகள் அவர்கள். விபூதி பூசுவார்கள், மாரியம்மனுக்கு விழா எடுப்பார்கள், பொங்கல் வைப்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அந்தக் கம்பத்து வீடு ஒன்றின் கடைசி மகனைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருந்தேன்.

அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நான் தையல்கடை ஒன்றில் கெபாயா சட்டைகளுக்குப் பூவேலை வரைந்து கொடுப்பவள். தன் அக்காளின் கெபாயாவை வாங்கிப்போக வந்தவர், அதை வாங்கிக்கொண்டு போன பிறகும் பலமுறை வந்தார். எதற்காக வருகிறேன் என்று ஒருமுறைகூட வாய் திறந்து சொன்னதில்லை. பேசாத மனிதர் ஆழமான மனிதராகத்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இருபது வயதில் அப்படியெல்லாம் தோன்றும். எனக்குச் சந்தை மலாய் தெரியும். அவர் என்னிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பம் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அம்மா இல்லை. அப்பா நகராண்மைக் கழகத்தில் லாரி ஓட்டினார். மாப்பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை என்பதில் அவருக்கு வருத்தம்தான், ஆனால் கோயிலுக்குப் போகிற பையன் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அவருடைய அம்மா என்னை வரவழைத்து உட்காரவைத்து, பலகாரம் கொடுத்தார். என் படிப்பைக் கேட்கவில்லை, அப்பாவின் சம்பளத்தைக் கேட்கவில்லை. கையை நீட்டச் சொல்லி என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார். வரப்போகிற மருமகள் தன் கையால் மாமியாருக்கு ஒரு ஜோடி காசுட் மானிக் செய்ய வேண்டும். பொடிப்பொடி மணிகளைத் துணியில் கோத்துத் தைத்து, அதை முகப்பாக வைத்துச் செய்கிற செருப்பு அது. கல்யாணத்தன்று மாமியார் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்பார். மூத்த மருமகள்கள் பூப்போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். பூ பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, இந்தத் தடவை ஒரு பறவை இருக்கட்டும் என்றார். செருப்பு முடியட்டும், நாள் குறிக்கலாம் என்றும் சொன்னார். என்னவர் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“சம்பந்தம் பேசுற எடத்துக்குச் செருப்பு குடுத்து அனுப்பணுமா? நம்ம பக்கம் இப்படிக் குடுத்தா வெட்டுக்குத்துல முடியும்லா.”

அவர் சொன்னதும் நியாயம்தான். நம் ஆட்கள் செருப்பை எடுத்துக் காட்டினாலே சண்டை. அங்கே அதைக் கையில் கொடுத்தால்தான் சொந்தம். நான் அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டு வேலையில் இறங்கினேன். மனதுக்குள் ஒரே கொண்டாட்டம். மலாக்காவில் பாதிப் பெண்கள் நான் வரைந்த பூவைத்தான் மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், எனக்கு ஒரு பறவை பெரிய காரியமா என்ற எண்ணம். மயில் வரைந்தேன். கழுத்தை ஒரே இழுப்பில் இழுத்தேன், தோகையில் கண்ணுக்குக் கண் வைத்தேன். தாளில் அதைப் பார்த்த தையல்கடைக்காரம்மாள், இதைக் கிழித்துவிடாதே, நான் சுவரில் மாட்டிக்கொள்கிறேன் என்றார்.

கட்டங்கட்டமாக நெய்த துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிலை அப்படியே அதன்மேல் பென்சிலால் ஏற்றி, உள்ளே மணியை நிரப்பினேன். அங்கேதான் பிடித்தது சனியன். நூல் வேலையில் கோடு வளைந்தால் நூலும் வளையும். மணி அப்படி வளைகிற சாதி இல்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு மணி, நேராக உட்காரும், பக்கத்துக் கட்டத்தில் அரை இடம் இருக்கிறதே, கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாமே என்று நினைக்காது. என் ஒரே இழுப்புக் கழுத்து படிப்படியாக உடைந்து மாடிப்படி ஆனது. கொண்டை சிவப்பாக இல்லாததுதான் குறை, மற்றபடி சேவலுக்கு இருப்பதுபோலவே நின்றது. தோகையின் கண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறை. நெருங்கி உட்கார்ந்து நாள்கணக்கில் தைத்தவளுக்கு அது தெரியவில்லை. எனக்கு அது மயிலாகவேதான் தெரிந்தது.

அவர் அம்மா முகப்பைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

“ஆயாம் கெ?” என்றார்.

கோழியா என்று கேட்கிறார். கிண்டலாகக் கேட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், மயில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மூத்த மருமகள்களுக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. என்னவர் கூரையில் எதையோ தேடினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, அழகாகத்தான் இருந்தது என்று மெல்லச் சொன்னார். அதை உள்ளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. மணி விற்கிற சீனக்கடை முதலாளி தவுக்கே, மணிதான் குற்றம், இன்னும் பொடிமணி வாங்கு என்றார். வேறென்ன சொல்வார், அவர் விற்பது மணி. தையல்கடைக்காரம்மாள் மூக்குக்கண்ணாடி போடச் சொன்னார். மூத்த மருமகள்களில் ஒருத்தி, திருஷ்டி பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றாள். அப்பா மட்டும், கோழி நல்லாத்தானே இருக்கு, அவங்களுக்கு என்ன கொறைச்சல் என்று என் பக்கம் பேசினார்.

தவுக்கே சொன்னபடி பொடிமணி வாங்கி, அதே துணியில் தைத்தேன். மணி சிறியது, கட்டம் பழைய கட்டம். மணிக்கு மணி இடைவெளி விட்டு வெள்ளைத்துணி எட்டிப் பார்த்தது. கோழிக்குச் சீக்கு வந்து இறகு கொட்டியதுபோல ஆகிவிட்டது. சரி, படம் சிறியதாக இருப்பதுதான் கோளாறு என்று நினைத்து, பழைய மணியையே வைத்து மயிலைப் பெரிதாக வரைந்தேன். கழுத்து வளைந்தது, கண் திறந்தது, கொண்டை கொண்டையாகவே வந்தது. ஆனால் செருப்பின் முகப்பு ஒரு சாண்கூட இல்லை. கழுத்தோடு இடம் தீர்ந்துபோயிற்று. தலையை இடது காலிலும் தோகையை வலது காலிலும் வைத்தால் என்ன என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். மாமியார் நடக்கும்போது மயில் இரண்டாகப் பிரிந்து பிரிந்து சேர்வதை நினைத்துப் பார்த்து, அந்த யோசனையைக் கைவிட்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் அவர் அம்மாவைப் பார்ப்பேன். செருப்பு எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரிப்பார், என்னை விசாரிப்பதுபோல. வைகாசியில் கல்யாணம் என்றிருந்தது ஆனிக்குப் போனது. ஆனியும் போய் ஆடி வந்தது, ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. செருப்பு தைக்கத் தெரியாதவள் என்று அந்தக் குடும்பம் கதவைச் சாத்திவிடுமோ, இவரும் கூரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றுவிடுவாரோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் பத்திரிகையால்தான் கண் திறந்தது. சுதந்திரம் பேச லண்டன் போய்வந்த தலைவர்களின் படம் முதல் பக்கத்தில் இருந்தது. அப்பா அதை விரித்துப் பிடித்திருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு தலைவரின் மூக்கு கச்சிதமாகத் தெரிந்தது. இவ்வளவு நல்ல மூக்கா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கும் இல்லை, தலைவரும் இல்லை. வெறும் புள்ளி. கறுப்புப் புள்ளிகள் ஒரேயடியாக நின்றுவிடாமல், நெருக்கம் குறைந்து குறைந்து வெள்ளையில் போய்க் கரைந்திருந்தன. நான் எழுந்து பின்னால் போனேன், மூக்கு வந்தது. முன்னால் வந்தேன், மூக்கு போயிற்று. பத்திரிகை படிக்க விடுகிறாயா இல்லையா என்று அப்பா சத்தம் போட்டார்.

கோடு வரைந்துவிட்டு மணியைப் போய் அதில் உட்காரச் சொன்னதுதான் என் கோளாறு. கட்டத்திலேயே வரைய வேண்டும். என்னவரிடம் கேட்டேன், ஆபீசிலிருந்து கட்டம் போட்ட தாள் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு அதுவரை அவர் செய்த ஒரே காரியம் அதுதான். பொடிமணியை மட்டும் நம்பாமல், அதற்கு ஏற்ற நெருக்கக் கட்டத் துணியும் வாங்கினேன். கழுத்தின் நீலம் முடிந்து வெள்ளை தொடங்குகிற படிகளில் எல்லாம் ஒரு வெளிர்நீல மணியை வைத்தேன். கிட்டே பார்த்தால் மணி மாற்றிக் கோத்த மடத்தனம்போலத் தெரியும். கைநீட்டிப் பிடித்துப் பார்த்தால் படியைக் காணோம், கழுத்து வழவழவென்று வளைந்து நின்றது. இரண்டு முகப்பையும் முடித்துச் சுவரில் குத்திவைத்தேன். வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் நின்றபடியே, அட, மயிலு என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்.

செருப்புக்காரரிடம் கொடுத்து அடிப்பகுதி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். சாலை நெடுகச் சுதந்திரத்துக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அம்மா முகப்புகளை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“மெராக்,” என்றார் மெதுவாக. மயில்.

சட்டென்று எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு முகப்பையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரே சாமியறைக்குப் போய் முருகன் படத்தின் கீழே வைத்து, விளக்கைத் தூண்டிவிட்டு, விழுந்து கும்பிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முருகன் ஏறுகிற மயிலைச் செருப்பில் போட்டு மாமியார் காலுக்குக் கொடுத்திருக்கிறேன். சேலையில் மயில், ரவிக்கையில் மயில், பானையில் மயில் என்று வரைந்து தள்ளியவளுக்கு, கால் வேறு என்று தோன்றவே இல்லை. மற்றவர்களாவது எப்படித் தடுப்பார்கள்? இத்தனை மாதமாக யாருக்கும் அது மயிலாகத் தெரியவில்லையே. அவர் திரும்பி வந்து, ஐயோ, முருகன் வாகனத்தை நான் எப்படி மிதிப்பேன் பிள்ளை, கோழியாகவே இருந்திருந்தால் போட்டிருப்பேனே என்று மலாயில் சொன்னார். முருகன் கொடியில் இருப்பது சேவல் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்குக் கோபம் துளியும் இல்லை, முகமெல்லாம் பூரிப்பு. என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் அதே பூரிப்போடு, ரோஜாவுக்குச் சாமி கிடையாது, அடுத்த ஜோடியில் ரோஜா போட்டுக் கொண்டுவா, அது முடியட்டும், நாள் குறிக்கலாம் என்றார்.

என் கண் எரிந்தது, விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. இன்னொரு ஜோடி என்ன, இந்த வீட்டு வாசலில் ஆயுசுக்கும் உட்கார்ந்து தைத்தாலும் நாள் வராது என்று பட்டது. என்னவரைப் பார்த்தேன். அவர் அன்றைக்கு ஏனோ கூரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“எனக்கு செருப்பு வேணாம். நீ வந்தா போதும்.”

தமிழில் சொன்னார். அவருடைய அம்மாவுக்கோ தமிழ் தெரியாது. இத்தனை மாதம் வாய் திறக்காத மனிதர், திறந்ததுதான் திறந்தார், அடிவிழாத மொழியாகப் பார்த்துத் திறந்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது, கையில் செருப்பு இல்லாமல் போயிற்றே என்றும் இருந்தது. நான் எதிர்பார்த்துக் கிடந்தது மாமியாரின் சம்மதத்தை அல்ல, இந்த வார்த்தையைத்தான். அது பாதிதான் வந்திருந்தது.

“அதையே மலாயில சொல்லுங்க,” என்றேன்.

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவர் அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். குரல் பாதியில் ஒருமுறை நின்றே போயிற்று. ஆனால் முழுவதும் சொன்னார். அந்த அம்மாள் மூத்த மருமகளைக் கூப்பிட்டு, நாள்காட்டியை எடுத்துவரச் சொன்னார்.