செல்வியின் காதும் ஆறு பியானோக்காரர்களும்

ஆரோக்கியசெல்விக்குப் பாம்புக் காது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. கம்பெனி என்றால் ஓசூர் சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்கிற கம்பெனி. அங்கே ஓட்டிக் கேட்காமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. கண்ணாடி அறைக்குள் பெட்டியை மோட்டாரில் பூட்டி நாற்பது விநாடி சுழலவிட, ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்பாள். பல்லோடு பல் சரியாகக் கடித்தால் சீரான உறுமல். ஏதாவது ஒரு பல் மயிரிழை பிசகியிருந்தால் உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஓர் ஊளை. கம்ப்யூட்டரும் கேட்கும். ஆனால் அது 'சந்தேகம்' என்று மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். தீர்ப்பு மனுஷக் காதுக்குத்தான். இருபத்தொரு வருஷமாக அது செல்வியின் காது. மேனேஜரே வந்தாலும் "செல்விம்மா என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்பார். வேறு எதற்கும் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, பாவம்.

இந்தக் காதுக்குப் பியானோ வந்து சேர்ந்தது தற்செயல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தவக்காலத்தில், மத்திகிரி கோயிலில் கீபோர்டு வாசிக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தில் நாலு கார்டு, அதாவது சேர்த்து அமுக்குகிற சுரக்கட்டு, கற்ற பாவத்துக்குச் செல்வியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "பாட்டுக்காரங்க இல்லாம மெதுவா ஏதாச்சும் போடுடி, கேட்டுப் பழகிக்கறன்" என்று மகள் ப்ரீதாவிடம் கேட்டாள். ப்ரீதா பொம்மசந்திராவில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறவள். போனில் தேடி, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கோயில் ஆர்கன் வாசித்த பாக் எழுதிய ஒரு மெதுவான நடனத் துண்டைப் போட்டுக் கொடுத்தாள். அதைச் செல்வி வாசித்தாளா? எங்கே வாசிப்பது! பெரிய வெள்ளியை நாலு கார்டிலேயே ஒப்பேற்றினாள். ஆனால் போன் சும்மா இருக்கவில்லை. அதே துண்டை வேறொருவர் வாசித்ததை அடுத்ததாகப் போட்டது. அப்புறம் இன்னொருவர்.

செல்வி அசந்துபோனாள். ஒரே தாள்தான். ஒருவர் மூன்று நிமிஷத்தில் முடிக்கிறார், இன்னொருவர் ஐந்தரை நிமிஷம் இழுக்கிறார். ஒரே சுரத்தை ஒருவர் தொட்டுவிட்டு எடுக்கிறார், ஒருவர் அழுத்திக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். பாக் காலத்து வாத்தியத்தில் விரலை எப்படி வைத்தாலும் சத்தம் ஒரே அளவுதான்; அதனால் எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று தாளில் அவர் எழுதியே வைக்கவில்லை என்று ப்ரீதா படித்துச் சொன்னாள். "அப்போ டிராயிங்ல டாலரன்ஸ், இவ்வளவு கூடலாம் குறையலாம்னு, போடாம விட்டுட்டாரு. ஆபரேட்டர் இஷ்டம்" என்றாள் செல்வி. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளைக்காரப் பேர்கள் வாயில் நுழையாததால் அவளே பேர் வைத்தாள். வாசிக்கும்போது கூடவே வாய்க்குள் பாடுகிறவர் முனகுறவர். எதற்கும் பதறாதவள் பெரியம்மா. அவசரக்காரர் ஒருவர், காலால் பெடலை மிதித்து எல்லாச் சத்தத்தையும் ஈரத்தில் ஊறவைக்கிற பெடல்காரர் ஒருவர், ஜெபம் பண்ணுகிற மாதிரி வாசிக்கும் சாமியார், கடைசியாகக் கண்ணாடித் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய இன்ஸ்பெக்‌ஷன் தாளின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டு எழுதுவாள். 'இரண்டாம் பாதியில் உதறல் சுரம்: பெரியம்மா எட்டு உதறு, தனித்தனி. அவசரக்காரர் பன்னிரண்டு, கடைசி இரண்டு மங்கல். பெடல்காரர்: எண்ண முடியவில்லை, ரிஜெக்ட்.' உதறல் என்றால் இரண்டு சுரத்தை மாற்றி மாற்றிப் படபடவென்று அடிப்பது. உலகமே கொண்டாடுகிற பெடல்காரரை மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டு அடுக்களையில் நாலு வருஷமாக ரிஜெக்ட் பண்ணி வைத்திருந்தாள் என்றால் பாருங்கள்!

"எல்லாம் ஒரே டொய்ங் டொய்ங்தான், இதுல என்ன ஆறு?" என்பார் புருஷன் ராயப்பன்.

"உங்களுக்கு என் சாம்பாருக்கும் உங்கக்கா சாம்பாருக்குமே வித்தியாசம் தெரியாது" என்பாள்.

கம்பெனி பஸ்ஸிலும் காதில் மாட்டிக்கொள்வாள். எஞ்சின் இரைச்சலில் கேட்க வேண்டுமே, சத்தத்தை முழுசாக வைப்பாள். போக வர ஒன்றரை மணி நேரம்.

போன வருஷம் ஆடி பிறந்தபோது, உத்தனப்பள்ளியிலிருந்து சுகுணா என்றொரு பெண் காண்டிராக்டில் வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயசு. வீட்டில் தக்காளித் தோட்டம், தினமும் ராயக்கோட்டை ரோட்டில் பஸ் பிடித்து வருவாள். அவளையும் கேட்கும் வேலையில் போட்டார்கள். அங்கே ஒரு வழக்கம்: காண்டிராக்ட் பெண் சிவப்புச் சீட்டு கட்டினால் அந்தப் பெட்டியைச் சீனியர் இரண்டாம் முறை கேட்க வேண்டும். சீனியர் சரி என்றால் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, முதலில் கேட்டவளே பச்சை முத்திரை குத்திவிட வேண்டும். சீனியருக்கு வாய், ஜூனியருக்குக் கை. யார் சொல்லிக் குத்தினாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ!

அந்த ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் செல்வி பெரியம்மாவைப் போட்டுக் கேட்டாள். முகம் சுருங்கியது.

"ஏய் ப்ரீதா, இது வேற வீடியோவா? இந்தம்மா உதறலை விட்டுட்டாங்களே."

ப்ரீதா துணி மடித்தபடியே காது கொடுத்தாள். "இல்லம்மா, இருக்குதே."

"எங்கடி?"

"இப்ப வந்துதே. டிரிரிரின்னு. மறுபடி வைக்கட்டா?"

மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் ப்ரீதா விரலைத் தூக்கி, "இதோ... இதோ" என்றாள். விரல் தெரிந்தது. உதறல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கம்பளியால் துடைத்த மாதிரி இருந்தது. செல்வி ஒருவர் விடாமல் ஆறு பேரையும் போட்டாள். முனகுறவரின் முனகல் மட்டும் தடியாக, பத்திரமாகக் கேட்டது. மற்றபடி ஆறு பேரும் ஒரே ஆளாகிவிட்டிருந்தார்கள். பெடல்காரரும் பெரியம்மாவும் ஒன்று! செல்வி போனை அணைத்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

காதைத் தின்றது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற வேலை என்பதால் இருபத்தொரு வருஷம் காதில் பஞ்சு வைக்க முடியாமல் நின்றாளே, அதுவா? பஸ்ஸில் முழுச் சத்தத்தில் மாட்டிக்கொண்டு கேட்டாளே, அதுவா? சோறு போட்டதா, ஆசைப்பட்டதா? யாரிடம் கேட்பது?

யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு. இரண்டாவது, பரிசோதனை வேனில் நடந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை காது பார்க்கிற வேன் கம்பெனிக்குள் வரும். ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, 'பீப்' என்று கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். சத்தம் போகப் போக மெலிந்துகொண்டே போகும். இருநூறு பேரை ஒரே நாளில் முடிக்க வேண்டிய டெக்னீஷியன், மாவு மில் மாதிரி ஒரே கதியில் தட்டிக்கொண்டிருந்தான். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் நாலு எண்ணிக்கை. மூன்று சத்தத்துக்கு ஒரு தரம் எட்டு எண்ணிக்கை. பெரியம்மாவுக்கும் அவசரக்காரருக்கும் தாளம் எண்ணி எண்ணிப் பழகியவளுக்கு இது பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? முதல் ஐந்தாறு சத்தத்தை நிஜமாகவே கேட்டாள். அப்புறம் ஹெட்போனில் வெறும் பாழ். செல்வி மனசுக்குள் எண்ணிக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"சூப்பர்க்கா. இருபது வயசுக் காது" என்றான் டெக்னீஷியன்.

சான்றிதழ் ஒன்றை நீட்டினான். செல்வி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே சுகுணா ஒரு பெட்டிக்குச் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டுக் கூப்பிட்டாள். "அக்கா, ஊளை வருதுக்கா."

செல்வி குனிந்து கேட்டாள். உறுமல்தான் கேட்டது. இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தனக்குக் கேட்காத ஒன்று ஒரு காண்டிராக்ட் பெண்ணுக்குக் கேட்டது என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு மேனேஜர் யாரைக் கேட்பார்? செல்விக்கு ரோஷம் வந்தது. பயம் வந்தது என்று சொன்னால்தான் சரி.

"ஒன்னும் இல்ல. உனக்கு இன்னும் காது படியல. குத்து."

"இல்லிங்க்கா, நல்லா கேளுங்க, மேல மெல்லிசா..."

"இருபத்தொரு வருஷமா நான் என்ன பூவா கட்டிட்டு இருந்தன்? குத்துன்னா குத்து!"

சுகுணா சீட்டைப் பிய்த்துவிட்டுக் குத்தினாள். இப்படி ஒன்றல்ல, ஐப்பசி முடிவதற்குள் பதினேழு பெட்டி. கடைசிக் கடைசியில் அந்தப் பெண் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். ஊளை கேட்டாலும் அவளாகவே பச்சை குத்திக்கொண்டாள்.

தையில் பெட்டிகள் திரும்பி வந்தன. வாங்கிய கம்பெனி ஊளையை டேப்பிலேயே பிடித்து அனுப்பியிருந்தது. பதினேழிலும் சுகுணாவின் முத்திரை. தரப்பிரிவு மேனேஜர் ஹரீஷ்குமார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜையில் செல்வியின் சான்றிதழ் இருந்தது.

"சார், நான் சீட்டு கட்டினன் சார். அக்காதான் கேட்டுட்டு ஓகேன்னாங்க" என்றாள் சுகுணா.

ஹரீஷ்குமார் திரும்பினார். "அப்படியாங்க செல்விம்மா?"

ஆமாம் என்பது மூன்றெழுத்து வார்த்தை. அதைச் சொல்லச் செல்விக்கு வாய் வரவில்லை. "தினம் எத்தனையோ பெட்டி கேக்கறன் சார். ஞாபகம் இல்ல" என்றாள்.

சுகுணா அவள் முகத்தையே பார்த்தாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று காண்டிராக்டரிடமிருந்து அவளுக்குப் போன் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

செல்வியால் மூன்று வாரம்தான் தாங்க முடிந்தது. பாவத்தோடு வாங்கக் கூடாதென்று, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ராயப்பன் சாப்பாட்டில் கைவைத்தபடி ஏதோ கேட்பார். இவள் வேறு எதற்கோ பதில் சொல்வாள். நாலாம் வாரம் திங்கட்கிழமை ஹரீஷ்குமாரின் அறைக்குப் போய் நின்றாள். வேன், தாளம், பதினேழு பெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

அவர் கதவைச் சாத்தினார். "செல்விம்மா, ஆபரேட்டர் தப்பு, ஆளை எடுத்துட்டோம்னு கஸ்டமருக்கு ரிப்போர்ட் போய், அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. ஃபைல் க்ளோஸ். இப்ப நீங்க இதைச் சொன்னா இருபத்தொரு வருஷமா நீங்க ஓகே பண்ணது எல்லாத்தையும் கேப்பாங்க. உங்களை ஸ்டோருக்கு மாத்திடறன். யார்கிட்டயும் பேசிக்காதீங்க."

"அந்தப் பொண்ணு சார்?"

"அது வேற வேலை பாத்துக்கும்."

செவிடன் காதில் சங்கு ஊதியாயிற்று, அந்தச் செவிடு இப்போது யார் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறினாள். தோட்டத்து ஓரம் சுகுணா தக்காளியைத் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மரியாதைதான் செல்வியைக் கொன்றது. அடித்திருந்தால் தேவலை.

சுகுணாவே கேட்டாள். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. அந்தப் பெட்டியில ஊளை இருந்துச்சா, இல்லியா? நீங்க அத்தன வாட்டி இல்ல இல்லன்னீங்களா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இல்லாதது ஏதாச்சும் என் காதுல கேக்குதான்னு. வேற கம்பெனியில கூப்பிட்டாங்க. பயமா இருக்குது, போவல."

வேலை மட்டும்தான் போயிற்று என்று நினைத்து வந்திருந்தாள் செல்வி. அந்தப் பெண்ணின் காதையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"இருந்துச்சு சாமி. பதினேழுலயும் இருந்துச்சு. நீ கேட்டது அத்தனையும் நிஜம். எனக்குத்தான் கேக்கல. கேக்கலங்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் குத்தச் சொன்னன்."

சுகுணா குனிந்து ஒரு தக்காளியை எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக ஏதோ சொன்னாள். தோள் அசைந்தது தெரிந்தது. ஒரு வாக்கியம் இருக்கும், நீளமான வாக்கியம்தான்.

செல்வி இரண்டடி முன்னால் போனாள். "என்ன சாமி சொன்ன? கேக்கலடா. இன்னொரு தடவ சொல்லு."

சுகுணா திரும்பிப் பார்த்தாள். "ஒன்னுமில்லக்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, காலிக் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தாள்.