கொட்டை போட்டு வளர்த்த பேரீச்சை

சவுதியில் பேரீச்சந்தோட்ட வேலைக்குப் போன தங்கப்பாண்டி, இரண்டாம் முறை விடுப்பில் வந்தபோது மனைவி ராக்குவுக்குச் சேலையோடு ஒரு பை பேரீச்சங்கொட்டையும் கொண்டுவந்தான். முதலாளி வீட்டு விருந்துக்குப் போகிற ரகமாம். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடந்த அவர்கள் நிலத்தில் கருவேலத்தைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. பேரீச்சைக்கு உப்புத்தண்ணீர் ஒரு பொருட்டில்லை. கருவேலத்தைத் தூரோடு பிடுங்கி, கொட்டையை முளைக்க வைத்து, வரிசையாக நட்டுவிட்டு அவன் விமானம் ஏறினான். காய்க்கிற வரை பார்த்துக்கொள், அப்புறம் வந்துவிடுகிறேன் என்று அவன் சொன்னதை ராக்கு நம்பினாள்.

மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது மோட்டாரைப் போட ஆள் இருக்க வேண்டும். ஆடு நுழைந்தால் குருத்து போய்விடும். அம்மா இறந்தபோதுகூட முதுகுளத்தூருக்குப் போனவள் கருமாதி வரை தங்காமல் மூன்றாம் நாளே திரும்பினாள். சாயங்காலமானால் தங்கப்பாண்டி வீடியோவில் வருவான். ஒவ்வொரு கன்றாகக் காட்டச் சொல்வான். எல்லாவற்றையும் காட்டி முடிப்பதற்குள் அவனுக்கு டூட்டி நேரம் வந்துவிடும்.

சில வருடம் கழித்துப் பக்கத்து நிலத்தில் ஹாஜா முகைதீன் பேரீச்சை நட்டார். துபாயில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். அவருடையவை திசுவளர்ப்புக் கன்றுகள். நல்லதாகக் காய்க்கும் ஒரு தாய் மரத்தின் குருத்திலிருந்து துளி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் வளர்த்துப் பெருக்கியவை. எல்லாம் பெண், எல்லாம் ஒரே ருசி என்றார். ராக்குவின் மரங்களைச் சுற்றிப் பார்த்தவர், கொட்டையில் வந்தது பாதி ஆணாகப் போகும், பெண்ணானாலும் தாயைப் போலக் காய்க்கும் என்று சொல்ல முடியாது, பூக்கிற வரை எதுவும் தெரியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ராக்கு அதைக் கணவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க முடியுமா?

ஏழாம் வருடம் தை மாதம் பாளை வெடித்தது. பாதிக்கு மேல் ஆண். ஆனியில் பெண் மரங்களில் வந்த காயோ வெறும் தோலும் கொட்டையும். வாயில் வைத்தால் துவர்த்தது. தங்கப்பாண்டி வீடியோவில் ஒவ்வொரு மரத்தையும் மறுபடி காட்டச் சொன்னான். ராக்குவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் லேசாக இருந்தது. மகள் ஜெயப்பிரியா மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், சின்னதாக வீடு எடுப்போம், நீ வந்து என்னோடு இரு என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மரத்தை வெட்டிவிட்டு வருகிறேன், வீடு பார் என்றாள் ராக்கு.

ஆனால் அந்தத் தையில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஹாஜா முகைதீன் காய் பிடிக்கத் தேவையான பூந்தூளுக்காகத் தனியே வைத்திருந்த இரண்டு ஆண் மரமும் வண்டு விழுந்து பட்டுப்போக, அவருடைய பெண் பாளைகள் வெடித்து நின்றன. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “தங்கச்சி, உங்க ஆண் பாளையில கொஞ்சம் தாங்க. இல்லன்னா இந்த வருசம் எனக்கு ஒண்ணுமில்ல” என்றார். காய்க்காத ஆண் மரம்தானே என்று ராக்கு சந்தோஷமாக அறுத்துக் கொடுத்தாள். ஏணி போட்டு ஏறி, பெண் பாளைக்குள் ஆண் பூச்சரத்தைச் செருகிக் கட்டியதும் அவள்தான்.

ஆடியில் அவர் தோட்டத்தில் குலை குலையாகத் தொங்கியது. திசுவளர்ப்புக் கன்று போட்டிருந்த சுற்றுவட்டாரத்துக்காரர்கள், அடுத்த தைக்கு எங்களுக்கும் பாளை விலைக்கு வேண்டும் என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சேதி சவுதிக்கும் போயிற்று. தங்கப்பாண்டியின் முகம் மலர்ந்தது. ஒரு மரத்திலும் கை வைக்காதே என்றான்.

“மதுரைக்குப் போறேன். வீடு பாத்தாச்சு” என்றாள் ராக்கு.

“இப்பத்தான் மரம் சோறு போடப்போகுது. இப்பப் போயி என்ன பேச்சு?”

“காச்சா வாரேன்னு சொல்லிட்டுப் போனீக. காய்க்கல, நான் போறேன்னேன். இப்ப காய்க்காத மரத்துக்கும் நாந்தான் காவலா?”

“வேற யாரு இருக்கா?”

அவன் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே வேறு யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டான். எனக்கும் இங்கே ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள் என்றான். ராக்கு மகளைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வர முடியாது என்றாள். ஜெயப்பிரியா அந்த வீட்டை விட்டுவிட்டு, கூடப் படிக்கும் பெண்களோடு அறை எடுத்துக்கொண்டாள்.

பட்டமளிப்பு விழா அடுத்த மாசியில் வந்தது. முதுகுளத்தூரிலிருந்து பாளைக்கு வந்த இருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கு ஏணியை விட்டு இறங்கி, மோட்டாரை நிறுத்தி, அரிவாளை அவர்கள் கையில் கொடுத்தாள்.

“நீங்களே அறுத்துக்கங்க. எம்மவ பட்டம் வாங்குறா” என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

கருப்பு அங்கியில் மேடையேறிய மகளைப் பார்த்துக் கைதட்டும்போது, முள் கிழித்த உள்ளங்கை எரிந்தது. விழா முடிந்ததும் ஒரு நாளாவது தங்கச் சொல்லி ஜெயப்பிரியா கையைப் பிடித்தாள். ராக்கு மாற்றுச் சேலையெல்லாம் எடுத்துத்தான் வந்திருந்தாள்.

“கெழக்கு வரிசையில ரெண்டு பாளை நாளைக்கி வெடிச்சிரும்டி” என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தே அது வந்தது அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் மகளின் கையை விடாமல் நின்றாள். பிறகு ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாள்.